இனம் எத்தனையாவது வாரத்தில் வரவேண்டும்? பன்னாட்டு உறவுகள் பாடம் அமைப்போருக்கு நான்கு வழிகள்

பன்னாட்டு உறவுகள் அறிமுகப் பாடத்துக்கு 12 வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் முன்னுரை, அடுத்து யதார்த்தவாதம், தாராளவாதம், மார்க்சியம், பெண்ணியம். பிறகு போர், ஐ.நா., உலகப் பொருளாதாரம். பத்தாவது வாரம் வந்ததும் ‘இனமும் பின்காலனியமும்’. பிரிட்டிஷ், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழகிப்போன வடிவம் இது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு, அதுவரை தயங்கியிருந்த பல துறைகளும் இப்படி ஒரு வாரத்தைச் செருகின.

சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது எங்கே வைப்பது என்ற கேள்வி. அதற்கு நான்கு வழிகள் உண்டு: தனி வாரம், தனி விருப்பப் பாடம், இருக்கிற வாரங்களுக்குள்ளேயே ஊடுபாவாக நெய்வது, பாடத்தையே கலைத்து வேறு வரிசையில் அடுக்குவது. செலவும் பலனும் நான்குக்கும் ஒன்றல்ல. எங்கள் தேர்வு மூன்றாவது. அதையும் வழக்கமாகச் செய்யும் விதத்தில் செய்தால் அது முதல் வழியைவிட மோசமாகிவிடும்.

முதலில் சொல்லைத் தீர்த்துக்கொள்வது

தமிழில் நடத்துகிறவர்களுக்கு முதல் தடங்கல் சொல்லிலேயே இருக்கிறது. ‘இனம்’ என்றால் மாட்டினமும் வரும், பெண்ணினமும் வரும், தமிழினமும் வரும். இலங்கை மாணவருக்கு ‘இனப்பிரச்சினை’ என்றதும் நினைவுக்கு வருவது தெற்கு ஆப்பிரிக்கா அல்ல. தமிழ்நாட்டில் திராவிட இயக்கம் ‘இனம்’ என்ற சொல்லை நூறாண்டாக வேறு வேலைக்குப் பயன்படுத்தி வருகிறது. முதல் வகுப்பில் வரையறை போடாவிட்டால், மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

‘இனவெறி’, ‘நிறவெறி’ இரண்டிலும் இன்னொரு சிக்கல். வெறி என்றால் ஒருவருக்குப் பிடிப்பது, பிறகு தெளிவது. இந்தப் பாடம் பேசுவதோ சட்டம், வரைபடம், குடியேற்ற விதி, வாக்கெடுப்பு ஆகியவற்றில் நிதானமாகக் குடியிருக்கும் ஒன்றைப் பற்றி. அதற்கு ‘இனப்படிநிலை’ என்ற சொல் பொருந்துகிறது: பேரரசுகள் உலக மக்களை மேல், கீழ் என்று அடுக்கிய ஏற்பாடு. நிறவெறி என்பதை 1948 முதல் 1994 வரையிலான தெற்கு ஆப்பிரிக்க ஆட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

இந்திய வகுப்பில் பத்தாவது நிமிடத்திலேயே சாதி வந்துவிடும். வரட்டும். ‘அது இந்தப் பாடத்தில் இல்லை’ என்று தள்ளுவதும், இரண்டும் ஒன்றே என்று தலையாட்டுவதும் தவறு. ஆவணத்தைக் காட்டுங்கள். 1965ஆம் ஆண்டின் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை, முதல் உறுப்பிலேயே இனம், நிறம் ஆகியவற்றோடு ‘வம்சாவளி’யையும் சேர்க்கிறது. இனவெறிக்கு எதிராக ஐ.நா. கூட்டிய 2001 டர்பன் மாநாட்டில் சாதியைச் சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசு வாதிட்டது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரை, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்றது. மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும், காலுக்குக் கீழே தரை இருக்கும்.

தனி வாரம்

இதன் கவர்ச்சி விலைதான். ஒரு விரிவுரை, ஒரு செமினார், இரண்டு வாசிப்புகள். துறைக் குழுவின் ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படாது. பேலிஸ், ஸ்மித், ஓவன்ஸ் பதிப்பித்துப் பல நாடுகளில் பாடநூலாக இருக்கும் தொகுப்பில் ராபி ஷில்லியம் எழுதிய இனம் பற்றிய தனி இயல் இருக்கிறது. அதை வைத்து ஒரு வாரத்தில் வகுப்பைத் தயார் செய்துவிடலாம்.

கெடுவது இடத்தால். பத்தாவது வாரத்தில் கட்டுரை சமர்ப்பிப்பு நெருங்கியிருக்கும், வருகை குறையும். வந்தவர்களும், ‘யதார்த்தவாதி இப்படிச் சொல்கிறார், பெண்ணியவாதி அப்படிச் சொல்கிறார்’ என்ற வரிசையில் இன்னொரு கண்ணாடியாகவே இனத்தை எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இரண்டாம் வாரத்தில் ‘நாடுகள் எல்லாம் சட்டப்படி சமம், அவற்றுக்கு மேல் தலைமை இல்லை’ என்று சொல்லியிருப்போம். பத்தாம் வாரத்தில் ‘1945 வரை உலகின் பெரும்பகுதி பேரரசுகளின் கீழ் இருந்தது’ என்கிறோம். இரண்டும் மோதுகின்றன. ஆனால் இரண்டாம் வாரத்தைத் திரும்பத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இந்த வழியை விட்டு நகர முடியாதவர்கள் செலவில்லாத ஒரு திருத்தம் செய்யலாம். அந்த வாரத்தை அப்படியே தூக்கி இரண்டாம் அல்லது மூன்றாம் இடத்தில் வையுங்கள், கோட்பாடுகளுக்கு முன்னால். அதே வாசிப்பு, அதே ஸ்லைடு. பின்னால் வருவதை எல்லாம் மாணவர் வேறு கேள்வியோடு கேட்பார்.

தனி விருப்பப் பாடம்

ஆழத்துக்கு இதைவிட வழியில்லை. அமெரிக்காவின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930கள் முதல் 50கள் வரை இயங்கிய கறுப்பின அறிஞர் வட்டத்தை மட்டும் இரண்டு வாரம் படிக்கலாம். அலைன் லாக், ரால்ஃப் பன்ச், மெர்ஸ் டேட், ரேஃபோர்டு லோகன், பின்னாளில் டிரினிடாட்டின் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் எல்லாரும் அங்கே இருந்தவர்கள். பன்ச் 1950இல் அமைதிக்கான நோபல் பெற்றார். அவர் 1936இல் உலக அளவில் இனத்தைப் பற்றித் தனி நூலே எழுதியவர் என்பது பல பாடத்திட்டங்களுக்குத் தெரியாது. மெர்ஸ் டேட் ஆயுதக் குறைப்பு வரலாற்றில் பெயர் பெற்றவர். அவர் பெயரை ஆயுதக் கட்டுப்பாட்டு வாரத்தின் வாசிப்புப் பட்டியலில்கூடப் பார்ப்பது அரிது.

ஆனால் விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுத்து வருபவர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். அயலுறவுத் துறைக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் போகும் மற்றவர்கள் கட்டாயப் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள். புதிய பாடத்துக்குக் குழு ஒப்புதல், மதிப்பீட்டுத் திட்டம், சில இடங்களில் வெளித் தேர்வாளரின் கருத்து எல்லாம் வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கு என்றால் இந்த ஆண்டே மனுப் போட வேண்டும்.

பெரிய ஓட்டை ஆளைச் சார்ந்தது. இத்தகைய பாடத்தை நடத்துபவர் பல துறைகளில் ஒரே ஒருவர், பெரும்பாலும் இளையவர், ஒப்பந்தப் பணியில் இருப்பவர். அவர் போனால் பாடம் அட்டவணையில் பெயராக மட்டும் நிற்கும், இரண்டு ஆண்டில் அதுவும் போய்விடும். துறைக்குள் இன்னொரு விளைவும் உண்டு. ‘இனமா? அதை அவர் நடத்துகிறாரே’ என்று மற்றவர்கள் கை கழுவிக்கொள்ள இது நல்ல சாக்கு. கட்டாயப் பாடத்தில் ஏதாவது இருந்து, அதன் மேல் மாடியாக இதைக் கட்டினால் சரி. மூன்றாம் ஆண்டிலோ முதுகலையிலோ வைக்கலாம். தரைத்தளம் இல்லாமல் மாடி கட்ட வேண்டாம்.

பாடத்தையே கலைத்து அடுக்குவது

யதார்த்தவாதம், தாராளவாதம் என்ற ‘வாதங்கள்’ வரிசையை எடுத்துவிட்டு நிகழ்வுகளை வைப்பது நான்காவது வழி. 1791இல் தொடங்கிய ஹைட்டிப் புரட்சி, 1884–85 பெர்லின் மாநாடு, 1896 அத்வா போர், 1919 பாரிஸ் அமைதி மாநாடு, 1935இல் எத்தியோப்பியா மீது இத்தாலியின் படையெடுப்பு, 1955 பாண்டுங்கில் ஆசிய-ஆப்பிரிக்க மாநாடு, 1960. அந்த 1960ஆம் ஆண்டில் மட்டும் ஐ.நா.வில் சேர்ந்த 17 நாடுகளில் 16 ஆப்பிரிக்க நாடுகள். 1945இல் தொடங்கிய 51 உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து இருந்தவை எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தெற்கு ஆப்பிரிக்கா நான்கு மட்டுமே. இந்த இரண்டு எண்களை அருகருகே எழுதினாலே ஒரு வகுப்பு ஓடும்.

அறிவுக்கு இதுவே மிக நேர்மையான அமைப்பு. நடைமுறையில் கடினம். அடுத்த ஆண்டுக் கோட்பாட்டுப் பாடம், நெட் தேர்வு, குடிமைப் பணித் தேர்வு எல்லாம் பழைய சொற்களைத்தான் கேட்கும். கோட்பாடுகளை நிகழ்வுகளுக்குள் பிரித்து வைக்கத் தெரியாவிட்டால் மாணவர் கையில் வரலாறு மிஞ்சும், கருவி மிஞ்சாது. இரண்டு ஆசிரியர்கள் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார வேண்டிய வேலை. புதிதாகத் துறை தொடங்குபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம். ஓடிக்கொண்டிருக்கும் துறையில் இதற்காக மூன்று ஆண்டு சண்டை போடுவதைவிட அந்தச் சக்தியை அடுத்த வழியில் செலவழிக்கலாம்.

ஊடுபாவு: ஏன், எப்படி

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. பன்னாட்டு உறவுகளில் இனம் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்தச் சொல்லே இல்லாத ஆவணங்களில்தான் அது அதிகம் வேலை செய்திருக்கிறது. ‘இனம்’ என்று தலைப்பிட்ட வாரத்தில் அந்த ஆவணங்கள் வராது. அவை குடியேற்றம், இறையாண்மை, பன்னாட்டு அமைப்பு என்ற தலைப்புகளின் கீழ் வேறு வாரங்களில் கிடக்கின்றன. அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

குடியேற்றத்தில் தொடங்குவோம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த முதல் கப்பலுக்குப் பின், தெற்கு ஆப்பிரிக்காவின் பிரிட்டிஷ் காலனியான நட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் பெருகினார்கள். அவர்கள் பின்னால் வணிகர்களும் வந்தார்கள். புதிதாக வரும் இந்தியர்களைத் தடுக்க நட்டால் 1897இல் ஒரு சட்டம் போட்டது. அதில் இந்தியர் என்ற சொல் இல்லை, இனம் என்ற சொல் இல்லை. உள்ளே வர விரும்புபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. லண்டனுக்கு இந்த உத்தி பிடித்துப்போயிற்று. மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் இதையே காட்டியது. 1901இல் ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போனது. ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொல் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் தெரிந்தவர் வந்தால் வேறொரு மொழியை எடுத்தால் போயிற்று.

இந்தச் சட்டப் பிரிவைக் குடியேற்ற வாரத்தில் ஒரு பக்கமாகக் கொடுத்து, ‘இதில் இனம் எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். சட்ட வாசகத்தில் இல்லை. அதிகாரியின் கையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

அடுத்தது புள்ளிவிவர வகுப்பு. யாரும் எதிர்பார்க்காத இடம். போர்களைப் பற்றிய அளவுசார் ஆய்வுகளில் பெரும்பகுதி ‘கோரிலேட்ஸ் ஆஃப் வார்’ தரவுத் தொகுப்பில் நிற்கிறது. எது நாடு என்று தீர்மானிக்க அது ஒரு விதி வைத்திருக்கிறது. 1920க்கு முன்பு என்றால் மக்கள்தொகை 5 லட்சம் இருக்க வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் தூதரக அளவில் அங்கீகரித்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை மாணவர்களே திறந்து பார்க்கட்டும். 1804இல் விடுதலை அறிவித்த ஹைட்டி 1859இல்தான் நாடாகிறது. எத்தியோப்பியா 1898இல், அதாவது அத்வாவில் இத்தாலியைத் தோற்கடித்த இரண்டு ஆண்டு கழித்து. காலனி ஆட்சிக்கு எதிரான போர்கள் நாடுகளுக்கிடையேயான போர்களின் பட்டியலில் வராமல் தனி வகையில் கிடக்கின்றன. ‘மக்களாட்சி நாடுகள் தம்முள் போரிடுவதில்லை’ என்ற புகழ்பெற்ற முடிவு எந்தப் பட்டியலை வைத்து எடுக்கப்பட்டது என்று கேட்பதற்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. தரவு தப்பு என்று சொல்லி விலக்கிவிடக் கூடாது. விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால்தானே நம்மால் கேட்க முடிகிறது. 45 நிமிடம் போதும். கணினி அறை கிடைக்காவிட்டால் பட்டியலின் முதல் நான்கு பக்கங்களை அச்செடுத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது இடம் 1919. நெருக்கிப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

முதல் உலகப் போர் முடிந்து பாரிஸில் அமைதி மாநாடு. ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்துக்கு உடன்படிக்கை எழுத அங்கே ஓர் ஆணைக்குழு. பிப்ரவரி 13 அன்று அதில் ஜப்பானின் பிரதிநிதி மகினோ நொபுவாகி ஒரு வாசகத்தை வைத்தார்: உறுப்பு நாடுகளின் குடிகளுக்கு இனத்தாலோ தேசத்தாலோ வேறுபாடு காட்டக் கூடாது. அது ஒத்திப்போடப்பட்டது. ஏப்ரல் 11 அன்று அவர் திருத்தி வைத்த வாசகத்தில் ‘இனம்’ என்ற சொல்லே இல்லை. நாடுகளின் சமத்துவம், அவற்றின் குடிகளை நியாயமாக நடத்துவது என்ற கொள்கையை முன்னுரையில் சேர்த்தால் போதும் என்றார். 17 வாக்குகளில் 11 ஆதரவு. ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி தலா 2. சீனா, பிரேசில், கிரீஸ், செர்பியா, செக்கோஸ்லோவாக்கியா தலா 1. தலைமை வகித்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், கடும் எதிர்ப்பு இருப்பதால் ஒருமனம் வேண்டும் என்று சொல்லித் தீர்மானத்தை நிறுத்தினார். எதிர்ப்பின் மூலவர் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ். அவர் அந்த ஆணைக்குழுவில் உறுப்பினரே அல்ல.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். இரண்டு வாசகங்களையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சிடுங்கள், தேதி மட்டும் போட்டு. 10 நிமிடம் படிக்கட்டும். எந்தச் சொல் போயிற்று என்று கேளுங்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். பிறகு வாக்குப் பட்டியலைக் கொடுத்து 15 நிமிடம்: பேரரசு வைத்திருந்த பிரான்சும் இத்தாலியும் ஏன் ஆதரித்தன? ஷாண்டுங் என்ற சீனப் பகுதி யாருக்கு என்ற விவகாரத்தில் ஜப்பானோடு மோதிக்கொண்டிருந்த சீனா ஏன் கூட நின்றது? கடைசி 20 நிமிடத்தில் சங்க உடன்படிக்கையின் 22ஆம் உறுப்பைச் சேருங்கள். நவீன உலகின் கடுமையில் தாமாக நிற்க இன்னும் முடியாத மக்கள் என்று அது சொல்கிறது. அவர்களை மூன்று தட்டாகப் பிரிக்கிறது. பின்னால் இவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர் வந்தது. ‘சி’ தட்டில் தென்மேற்கு ஆப்பிரிக்கா, தெற்கு ஆப்பிரிக்காவின் கையில். சமத்துவ வாசகத்தைத் தள்ளிய ஆணைக்குழு எழுதிய அதே உடன்படிக்கையில் இந்தத் தட்டுகளும் வந்து சேர்ந்தன. அங்கேயும் ‘இனம்’ என்ற சொல் தேவைப்படவில்லை.

இந்த வகுப்பு இரண்டு விதத்தில் சறுக்கும். ஒன்று, நடிப்புப் பயிற்சியாக மாற்றுவது. ஒரு மாணவரை ஹியூஸாகவும் இன்னொருவரை மகினோவாகவும் நிறுத்தினால், ஒருவர் அவமானப் பேச்சைத் தன் வாயால் பேச வேண்டிவரும். கிழக்காசிய மாணவர் இருந்தால் அவரே மகினோ ஆக்கப்படுவார். காகிதம் போதும். இரண்டு, ஜப்பானை இனச் சமத்துவ நாயகனாக விட்டுவிடுவது. கொரியாவை ஜப்பான் 1910இல் இணைத்துக்கொண்டது. 1919 மார்ச் 1 அன்று அங்கே கிளம்பிய விடுதலைப் போராட்டத்தை இந்த வாக்கெடுப்பு நடந்த வாரங்களில்தான் அடக்கிக்கொண்டிருந்தது. மகினோ கேட்டது உறுப்பு நாடுகளின் குடிகளுக்கான சமத்துவம். கொரியர் அதில் வரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வகுப்பு நல்லவர் கெட்டவர் கதையாகிவிடும்.

நான்காவது இடம் ஐ.நா. வாரம். 1946இல் தெற்கு ஆப்பிரிக்கா இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா, தான் இன்னும் விடுதலை பெறாத நிலையிலேயே, அதைப் பொதுச் சபைக்கு எடுத்துப்போனது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். தெற்கு ஆப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸின் பதில், ஐ.நா. சாசனத்தின் 2(7)ஆம் உறுப்பின்படி இது உள்நாட்டு விவகாரம் என்பது. ஐ.நா. சாசன முன்னுரையின் முதல் வரைவை எழுதியவரும் அதே ஸ்மட்ஸ். டிசம்பர் 8 அன்று 44(I) தீர்மானம் 32க்கு 15 என்று நிறைவேறியது, 7 பேர் வாக்களிக்கவில்லை. வாக்களித்த 47இல் மூன்றில் இரண்டு பங்கு 31.33, தேவை 32. ஆதரவில் ஒன்று எதிர்ப்பக்கம் போயிருந்தால் வீழ்ந்திருக்கும். இறையாண்மைக்கும் மனித உரிமைக்கும் உள்ள இழுபறியை விளக்க ருவாண்டா வரை போக வேண்டியதில்லை, ஐ.நா.வின் முதல் ஆண்டிலேயே இருக்கிறது. இங்கேயும் ஒரு கூர்மையான கேள்வியை மறக்க வேண்டாம்: முறையீடு இந்தியர்களைப் பற்றியது. பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்கள் அதில் எங்கே?

நான்கு இடம் போதும். ‘ஒவ்வொரு வாரத்திலும் இனம்’ என்று அறிவிக்கும் துறைகளில் நடப்பது இது: ஒவ்வொரு விரிவுரையின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு ஸ்லைடு. மணி அடிக்கும், ஸ்லைடு அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும், அடுத்த வாரம் வேறு தலைப்பு. பன்னிரண்டு இடத்தில் தூவியது எங்கேயும் முளைக்காது. நான்கு வாரத்தில், வகுப்பின் நடுவில், ஆவணத்தோடு வையுங்கள். அவற்றைத் தாங்க இரண்டாம் வாரத்தில் ஒரு கருத்து வகுப்பு வேண்டும். இனப்படிநிலை என்றால் என்ன, இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று அதில் சொல்லிவிட வேண்டும். துறையின் பிறப்பை 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் உட்ரோ வில்சன் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதோடு இன்னொரு கிளையையும் காட்டுங்கள். 1910இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’ என்று தொடங்கிய இதழ், 1919இல் ‘ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்’ ஆயிற்று. 1922இல் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ அதன் இடத்துக்கு வந்தது. இங்கேயும் சொல்தான் உதிர்ந்தது. இதை ஐந்து நிமிடத்தில் சொல்லி நகரலாம்; இதையே ஒரு மணி நேரம் நீட்டினால் மாணவர் ‘எல்லாம் இனவெறியர்கள் எழுதியது’ என்று ஒற்றை வரியில் எழுதிக்கொண்டு போவார்.

‘இந்தக் கோட்பாடு இனவெறியா?’

அந்த ஒற்றை வரிதான் பெரிய ஆபத்து. 2019இல் அலிசன் ஹவல், மெலனி ரிக்டர்-மான்ட்பெடிட் இருவரும் பாதுகாப்பாக்கக் கோட்பாடு (ஒரு விவகாரம் பேச்சின் வழியாக எப்படிப் பாதுகாப்பு அச்சுறுத்தலாக்கப்படுகிறது என்று விளக்குவது) இனவாத அடித்தளத்தில் நிற்கிறது என்று கட்டுரை எழுதினார்கள். அந்தக் கோட்பாட்டை உருவாக்கிய ஓலே வேவரும் பாரி புசானும் 2020இல் காட்டமாக மறுத்தார்கள், தங்கள் எழுத்து திரித்துப் படிக்கப்பட்டது என்று. இரண்டு தரப்பையும் படிப்பது முதுகலை மாணவருக்கு நல்ல பயிற்சி. முதலாண்டுக்கு வேண்டாம். அவர்கள் வாதத்தை விட்டு ஆட்களில் கட்சி கட்டுவார்கள்.

முதலாண்டில் மூன்று கேள்விகளைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். எழுதியவர் இனவாதக் கருத்து உடையவரா? அவர் கருத்துரு இனப்படிநிலை இல்லாமல் நிற்குமா நிற்காதா? கோட்பாடு இனத்தைக் கவனிக்காமல் விட்டதால் எதைத் தவறாக விளக்குகிறது? முதல் கேள்விக்கு ஆம் என்றால் இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகாது. வில்சன் அமெரிக்க அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து வைக்க இடம் கொடுத்தவர். அதனாலேயே, ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லா நாடுகளும் சேர்ந்து எதிர்ப்பது என்ற கூட்டுப் பாதுகாப்புக் கருத்து பொய்யாகிவிடாது. அதற்குத் தனியாக வாதம் வேண்டும். மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் பயன் தருவது.

தேர்வுத்தாளில் இல்லாதது பாடத்தில் இல்லை

நான்கு வாரம் நெய்துவிட்டுத் தேர்வில் ஒரு கேள்வியும் வைக்காவிட்டால், அடுத்த ஆண்டு மூத்த மாணவர் இளையவரிடம் ‘அதெல்லாம் வராது’ என்று சொல்லிவிடுவார். கேள்வி விருப்பத் தெரிவில் இருந்தாலும் இதே கதைதான். இரண்டாம் வாரக் கருத்தும் மற்ற வார ஆவணம் ஒன்றும் சேர்ந்த ஒரு கட்டாயக் கேள்வி வேண்டும்.

‘பன்னாட்டு உறவுகளில் இனத்தின் முக்கியத்துவத்தை விவரி’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் முக்கியம் என்றே எழுதுவார்கள், ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று தெரியுமே. இப்படிக் கேட்கலாம்: ‘1919 ஏப்ரல் 11 முடிவை நாடுகளின் நலன், வலிமை ஆகியவற்றை மட்டும் கொண்டு முழுமையாக விளக்க முடியுமா?’ முடியும் என்று வாதாட நல்ல சரக்கு இருக்கிறது. பிரிட்டனுக்கு ஆஸ்திரேலியாவை இழக்க முடியாது. வில்சனுக்கு செனட்டில் பசிபிக் கரை மாநிலங்களின் வாக்கு வேண்டும். ஜப்பான் எழுந்துவரும் வலிமை. முடியாது என்பவர் கேட்க வேண்டியது, ஆஸ்திரேலியாவின் ‘நலன்’ ஏன் அந்த வடிவில் இருந்தது என்று. இரண்டு பக்கமும் முழு மதிப்பெண் வாங்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது வகுப்பில் வாயைத் திறக்கத் தயங்குபவர்களுக்கும் பேச இடம் தரும்.

வாசிப்பு அளவு: வாரத்துக்கு 40 பக்கம் தாண்டினால் படிக்க மாட்டார்கள். இனத்துக்காக எதையாவது சேர்த்தால் அதே அளவு எதையாவது எடுத்துவிட வேண்டும். எடுக்க மனமில்லாமல் ‘கூடுதல் வாசிப்பு’ என்று அடியில் தொங்கவிடுவது, சேர்க்காததற்குச் சமம்.

ஐந்து யூனிட் சிலபஸ் உள்ளவர்கள்

இதுவரை சொன்னது ஆசிரியரே வாரங்களை அமைக்கும் இடங்களுக்கு. தமிழ்நாட்டின் இணைப்புக் கல்லூரிகளில் யூனிட் தலைப்புகளைப் பல்கலைக்கழகம் தருகிறது, வினாத்தாளும் வெளியிலிருந்து வருகிறது. அங்கே முதல், நான்காம் வழிகள் ஆசிரியர் கையில் இல்லை. ஆனால் ‘ஐக்கிய நாடுகள் அவை’ என்ற தலைப்பு எந்த சிலபஸிலும் இருக்கும்; அதை நடத்த எந்த எடுத்துக்காட்டை எடுப்பது என்று யாரும் கட்டளையிடுவதில்லை. 1946 வழக்கு அங்கே தடையின்றி நுழையும். பொதுச் சபையின் அதிகாரம், 2(7)ஆம் உறுப்பு, இந்திய அயலுறவின் தொடக்கம் ஆகிய மூன்று வழக்கமான வினாக்களுக்கும் அதுவே விடையில் எழுதத்தக்க எடுத்துக்காட்டு. நாடுகளின் சங்கம் பற்றிய பகுதியில் 1919 தாள் ஒன்று. சங்கம் ஏன் தோற்றது என்ற பழைய வினாவுக்கு அது புதிய விடை.

தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவுக்குப் போகும்போது ‘இனமும் பன்னாட்டு உறவுகளும்’ என்று ஆறாவது யூனிட் கேட்டால் நேரமில்லை என்று திருப்பிவிடுவார்கள். இருக்கிற யூனிட்டின் வரிகளுக்குள் ‘1919 இனச் சமத்துவ முன்மொழிவு’, ‘44(I) தீர்மானம்’ என்று இரண்டு துணைத்தலைப்பு கேளுங்கள். அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாக ஏறிவிடும். துணைத்தலைப்பு அச்சில் வந்தால், வினாத்தாள் எடுப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் அதிலிருந்து கேட்கலாம். நடத்தும் ஆசிரியர் மாறினாலும் அது அங்கேயே இருக்கும்.